ஆவியாகும் மருந்து: நறுமண எண்ணெய்களால் பயிர்ப் பூச்சியை அடக்க முடியுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன் பீகாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வேலை பார்த்தார். கொசு அண்டாமல் இருக்க அந்தக் காலத்தில் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். கொசு போனது சரி, ஆனால் எண்ணெய் இருந்த இடத்தை வேறொரு ஈ தேடி வந்து மொய்த்தது. அது பழத்தைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ. அதிலும் வந்தவை எல்லாமே ஆண் ஈக்கள். 1912-இல் ஹவ்லெட் இதை எழுதி வெளியிட்டார். 1915-இல், ஆண் ஈக்களை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் என்று காட்டினார்.

இன்று நம் மாந்தோப்புகளில் கிளைக்குக் கிளை தொங்கும் பழ ஈப் பொறிக்குள் இருப்பது அதே மெத்தில் யூஜினால்தான். ஆண் ஈ அதைத் தின்று, தன் உடம்பில் இனக்கவர்ச்சி வாசனையாக மாற்றிக்கொள்கிறது. அந்த வாசனை உள்ள ஆணைத்தான் பெண் ஈ விரும்புகிறது. பசிபிக்கில் உள்ள ரோட்டா என்ற சின்னத் தீவில் 1960-களின் தொடக்கத்தில், மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டே பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஆண் இனமே தீர்ந்துபோனால் முட்டை ஏது?

கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் பல பூச்சிகளைக் கொல்லும். அதன் ஒரு ஹைட்ரஜன் அணு இருக்கும் இடத்தில் மெத்தில் தொகுதி ஒன்று வந்து உட்கார்ந்தால் அதுவே மெத்தில் யூஜினால், பழ ஈக்கு விருந்து. அதனால்தான் "வாசனை எண்ணெய் பூச்சியைக் கொல்லும்" என்று மொட்டையாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எந்த எண்ணெய், எந்தப் பூச்சி, எந்த இடம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எண்ணெய் நிற்பதும் தோற்பதும் அந்த இடத்தைப் பொறுத்துத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் இந்தக் கட்டுரையில் வரும் எண்ணெய்கள் அல்ல. அவை விதையைச் செக்கில் ஆட்டி எடுக்கும் கொழுப்பு எண்ணெய்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். நறுமண எண்ணெயை விட்டால் கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். வேம்பில் வேலை செய்யும் அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாமல் செய்து, தோலுரிப்பைக் கெடுத்து, நாள் கணக்கில் மெதுவாகக் கொல்கிறது. நறுமண எண்ணெய் வேலை செய்தால் நிமிடங்களிலோ மணிகளிலோ தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் அப்புறம் காத்திருந்து பயனில்லை.

நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். பெரிய பானை நிறைய இலையை அடைத்து, தண்ணீர் ஊற்றி, மூடி, அடியில் தீ மூட்டுகிறார்கள். கொதிநீராவி இலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எண்ணெய்ப் பைகளை உடைத்து, எண்ணெயின் ஆவியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு குழாய் வழியே போகிறது. குழாய் குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது இரண்டும் திரவமாகிச் சொட்டுகின்றன. யூகலிப்டஸ் தைலம் தண்ணீருக்கு மேல் மிதக்கும், மேலாக எடுத்துக்கொள்ளலாம். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லாப் புல், ஓமம், புதினா, ரோஸ்மேரி, இலவங்கப்பட்டை மர இலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஆரஞ்சு எண்ணெய் மட்டும் வேறு. தோலை அழுத்தியே எடுக்கலாம்.

வயலுக்கு மூலிகைக் கசாயம் காய்ச்சும் நண்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நொச்சியையும் துளசியையும் திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் தெருவெல்லாம் மணக்கிறதே, அந்த மணம்தான் வெளியேறிக்கொண்டிருக்கும் எண்ணெய். கடைசியில் பாத்திரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் கசப்பும் துவர்ப்பும். அவற்றுக்கும் பலன் இருக்கலாம். ஆனால் வாசனைப் பொருளை நம்பிக் காய்ச்சுகிறீர்கள் என்றால் மூடி போட்டுக் காய்ச்சுங்கள், இல்லையென்றால் கொதிக்க விடாமல் இடித்து ஊறவையுங்கள்.

பூச்சிக்குள் இந்த எண்ணெய்கள் என்ன செய்கின்றன என்பது இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் ஆக்டோபமைன் என்ற பொருள் ஓடுகிறது. நமக்கு அட்ரினலின் எப்படியோ பூச்சிக்கு அது அப்படி. இதயத் துடிப்பு, பறப்பு, பதற்றம் எல்லாவற்றையும் அது நடத்துகிறது. யூஜினால் போன்றவை அந்த ஆக்டோபமைன் ஏற்பிகளைத் தாக்குகின்றன என்று அமெரிக்காவில் எசாம் எனான் 2001-இல் காட்டினார். எண்ணெய் பட்ட கரப்பான் முதலில் தாறுமாறாக ஓடி, துடித்து, பிறகு மல்லாந்து விழுவதற்கு இது ஒரு விளக்கம். மனிதர்கள், ஆடுமாடுகள், பறவைகளின் உடம்பில் ஆக்டோபமைனுக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை என்பதால், பூச்சிக்கு விஷமாவது நமக்கு அதே அளவில் விஷமாவதில்லை. ஓமத்தில் இருக்கும் தைமால் வேறு வழியில் போகிறது. நரம்பை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வாயில்களைத் தொடுகிறது. ஒரே எண்ணெயில் பல பொருள்கள் இருப்பதால் ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுகிறது.

இந்தக் கலவைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரோஸ்மேரி எண்ணெயில் சினியோல் என்ற வாசனைப் பொருளும் கற்பூரமும் இருக்கின்றன. நம் பூஜையறையில் எரியும் கற்பூரத்தில் இருப்பதும் இதே பொருள்தான். முட்டைக்கோஸ் புழு ஒன்றின்மேல் கற்பூரத்தை மட்டும் தனியாகத் தடவினால் அது தோலைக் கடந்து உள்ளே போகத் திணறுகிறது. சினியோலையும் சேர்த்துத் தடவினால் கற்பூரம் மளமளவென்று உள்ளே இறங்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே ஐஸ்மன் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்று கதவைத் திறக்க, இன்னொன்று உள்ளே போய் அடிக்கிறது. "முக்கியமான சரக்கை மட்டும் பிரித்தெடுத்து விற்கலாமே" என்று நினைக்கும் கம்பெனிகளுக்கு இது நல்ல பாடம்.

எதிர்ப்புத்திறன் விஷயத்திலும் கலவைக்கு ஒரு பலம் உண்டு. இதற்கான தெளிவான சான்று வேம்பிலிருந்து வருகிறது. பச்சை அசுவினியை 40 தலைமுறைக்குச் சுத்தமான அசாடிராக்டினிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். அது 9 மடங்கு தாங்கும் சக்தி பெற்றுவிட்டது. அதே அளவு அசாடிராக்டின் உள்ள முழு வேப்பங்கொட்டைச் சாற்றில் வளர்த்த அசுவினிக்கு அந்தச் சக்தி வரவில்லை. பல பொருள் கலந்த நறுமண எண்ணெயிலும் இப்படி நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவு நல்லது என்றால் வயலில் ஏன் காணோம்? விடை அந்த எண்ணெயின் குணத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் ஆவியாகிறது. அதனால்தான் காயில் எச்சம் இல்லை, மண்ணில் தங்குவதில்லை, தெளித்த கையோடு அறுவடைக்கும் போகலாம். அதனால்தான் நாளைக்குப் பொரிக்கும் முட்டையிலிருந்து வரும் புழுவை அது ஒன்றும் செய்வதில்லை. கதவையும் சன்னலையும் திறந்துபோட்ட வீட்டில் சாம்பிராணி போடுவது போலத்தான், பங்குனி வெயிலில் காற்றடிக்கும் வயலில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தெளிப்பது.

கணக்கும் ஒத்துவர வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதில் 1 சதவீதம் எண்ணெய் என்று வைத்தால் ஒரு தெளிப்புக்கு 2 லிட்டர் எண்ணெய் வேண்டும். எலுமிச்சைப்புல்லில் பச்சை எடையில் அரை சதவீதம்தான் எண்ணெய் தேறும். ஆக ஒரு ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோ புல் வேண்டும். அதை அறுக்க ஆள், காய்ச்ச விறகு, தண்ணீர். வாரத்துக்கு ஒரு தெளிப்பு என்றால் காய்கறி விலையில் இது கட்டுப்படியாகாது. வணிக ரீதியில் ஜெயித்தது ஆரஞ்சு எண்ணெய் என்பதில் ஆச்சரியமே இல்லை. பிரேசிலிலும் ஃபுளோரிடாவிலும் பழச்சாறு ஆலையில் மிஞ்சும் தோலிலிருந்து அது டன் கணக்கில் கிடைக்கிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். வெள்ளை ஈ, இலைப்பேன், செஞ்சிலந்தி போன்ற மெல்லிய உடம்புப் பூச்சிகளின் மெழுகுப் பூச்சைக் கரைத்து, அவற்றை உலர்த்திக் கொல்கிறது.

அளவைக் கூட்டினால் பலன் கூடும்தானே என்றால், கூடும், ஆனால் பயிரும் போகும். கிராம்பு எண்ணெய் மேலைநாடுகளில் களைக்கொல்லியாகவே விற்கப்படுகிறது. இலையின் மெழுகைக் கரைத்துக் கருக்கிவிடும். எண்ணெய் தண்ணீரோடு சேராது. காதி சோப்புக் கரைசலோ வேறு குழம்பாக்கியோ இல்லாமல் டேங்கில் ஊற்றினால் தெளிப்பின் தொடக்கத்தில் வெறும் தண்ணீரும் கடைசி சில லிட்டரில் சுத்த எண்ணெயும் வரும். அந்தக் கடைசி வரிசைச் செடிகள் மறுநாள் பழுத்து நிற்கும். வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் நாலைந்து செடியில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்காமல் முழு வயலுக்கும் போகவே கூடாது.

சரி, எங்கேதான் நிற்கும்? காற்று அடைபட்ட இடத்தில். பாசிப்பயறு டப்பாவைத் திறந்து பாருங்கள். பயறின் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாமல் அப்படியே பயறுக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, மூன்று நாலு வாரத்தில் வட்டமாக மூடியை அறுத்துக்கொண்டு வண்டாக வெளியே வரும். அந்த வண்டு தின்னக்கூட வேண்டியதில்லை. சேர்ந்து, முட்டையிட்டு, சில நாளில் செத்துப்போகும். தொளைத்த பயறு மட்டும் மிஞ்சும். மூடிய கலனுக்குள் நறுமண எண்ணெயின் ஆவி நிறைந்து நின்றால் அது வண்டின் சுவாசத் துளைகள் வழியே உள்ளே போகிறது, முட்டையையும் கெடுக்கிறது. ஏற்கெனவே பயறுக்குள் போய்விட்ட புழுவைத் தொடுவதுதான் கடினம். அதனால் பயறை நன்றாகக் காயவைத்து, வண்டு விழுவதற்கு முன்பே கட்டிவைப்பதில்தான் பலன் அதிகம். வேப்பிலை, நொச்சி இலை போட்டுத் தானியக் குதிரின் வாயைப் பூசி மூடிய பழைய பழக்கத்தில் இலைக்கு எவ்வளவு பங்கோ, பூசி மூடியதற்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்க வேண்டும்.

கிடங்குகளுக்கு இது இன்று அவசரத் தேவையும்கூட. உலகெங்கும் தானியக் கிடங்குகளில் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வழக்கமான பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. வளர்ந்த நாடுகளில் 2005-இல், வளரும் நாடுகளில் 2015-இல். மிஞ்சியது பாஸ்பீன் வாயு. அதைத் தாங்கும் வண்டுகள் பல நாடுகளில், இந்தியாவிலும், பெருகிவிட்டன.

வசம்பின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். வசம்பு எண்ணெயில் இருக்கும் பீட்டா-அசரோன் பூச்சியின் சினைப்பையை வளரவிடாமல் மலடாக்குகிறது என்று ஜம்மு ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் 1977-இல் கண்டார்கள். பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்பு. ஆனால் அதே பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் தருகிறது. அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டது. இந்திய வசம்பில்தான் அந்தப் பொருள் மிக அதிகம். விதைக்கு வைத்திருக்கும் பயறில் வசம்பு போடலாம். சாப்பிட வைத்திருக்கும் பயறில் எண்ணெயாக எடுத்துக் கலப்பதை நான் ஏற்க மாட்டேன். இயற்கையாகக் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்ததில், பாதி எலிகள் சாகும் அளவு தைமாலுக்குக் கிலோ எடைக்கு 980 மில்லிகிராம், நிகோடினுக்கு வெறும் 50 மில்லிகிராம். இரண்டும் செடியிலிருந்து வருபவைதான். இயற்கை விவசாயத்தில் புகையிலைக் கசாயம் காய்ச்சுபவர்கள் இதை மனதில் வைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடைபட்ட இடத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் தேன்பெட்டி. இத்தாலியத் தேனீக்களை உறிஞ்சும் வரோவா உண்ணிக்குத் தைமால் வைத்த மருந்துகள் உலகெங்கும் விற்பனையில் இருக்கின்றன. பெட்டிக்குள் வைத்தால் மெல்ல ஆவியாகி உண்ணியைக் கொல்கிறது, தேனீ தாங்கிக்கொள்கிறது. இங்கேயும் எல்லாம் வெப்பநிலையின் கையில். குளிரில் ஆவியாகாது. கடும் வெயிலில் ஒரேயடியாக ஆவியாகித் தேனீக்களே பெட்டியை விட்டு வெளியே வந்து தொங்கும். பசுமைக்குடில், நாற்றங்கால், அறுவடைக்கு முந்தைய சில நாள்கள் ஆகியவையும் இதற்கு ஏற்ற களங்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கா 1996-இல் கிராம்பு, ரோஸ்மேரி, எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா உள்ளிட்ட சில எண்ணெய்களை ஆபத்து மிகக் குறைந்தவை என்று பட்டியலிட்டு, பூச்சிக்கொல்லிப் பதிவிலிருந்து விலக்கு கொடுத்தது. அதன்பிறகே அங்கே சந்தை திறந்தது. இந்தியாவில் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் எதற்கும் பதிவு வேண்டும். வேப்ப மருந்துக்கு அது முடிந்தது, ஏனென்றால் அசாடிராக்டின் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அளந்து லேபிளில் போடலாம். நறுமண எண்ணெயில் அது அவ்வளவு சுலபமில்லை. ஒரே துளசி ஒரு இடத்தில் யூஜினால் நிறைந்தும் இன்னொரு இடத்தில் மெத்தில் யூஜினால் நிறைந்தும் வளரும். ரகம், மண், பருவம், அறுத்த நேரம் எல்லாம் சரக்கை மாற்றும். ஆகவே பாட்டிலில் "மூலிகை எண்ணெய்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எந்தப் பொருள், எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். விளக்கமே இல்லாத பாட்டில் வயலில் அதிசயமாகக் கொன்றது என்றால், எண்ணெயோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது.

இலங்கையில் நடந்ததையும் தள்ளிவிட்டுப் பேச முடியாது. சிட்ரோனெல்லா எண்ணெய்க்கும் கறுவா (இலவங்கப்பட்டை) இலை எண்ணெய்க்கும் பேர்போன தீவு அது. 2021-இல் அந்த அரசு இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. முதல் காரணம் உரம்தான். ஆனால் நறுமண எண்ணெய் விளையும் மண்ணிலேயே, மாற்று மருந்து கையில் தயாராக இல்லாமல் விவசாயியிடமிருந்து பழைய மருந்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதும் அங்கே தெரிந்தது. இயற்கை மருந்தின்மேல் அக்கறை உள்ள எல்லோருக்கும் அது வலித்திருக்க வேண்டும்.

ஆவியாவதைத் தடுக்க எண்ணெயை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து மெதுவாகக் கசியவிடும் ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் என் நம்பிக்கை வேறொரு பக்கம் அதிகம். எண்ணெயைச் செடியிலிருந்து பிரிக்காமல், செடியையே வயலில் நிறுத்தி, அது நாள் முழுக்க வாசனையை விட்டுக்கொண்டிருக்கச் செய்வது. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இந்தியாவில் பிறந்த ஜெயவுர் கானும் இங்கிலாந்தின் ஜான் பிக்கெட்டும் சேர்ந்து உருவாக்கிய தள்ளு-இழு முறை அதுதான். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறுச்செடி. அதன் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சிக்குப் பிடிக்காது. வயலைச் சுற்றி நேப்பியர் புல். அதன் வாசனை அந்துப்பூச்சியை இழுக்கும். அங்கே முட்டையிட்டால் பொரிக்கும் புழு, புல் கசியும் பிசினில் சிக்கிப் பெரும்பாலும் சாகும். அவர்கள் சோதித்த இன்னொரு புல், புழுவுக்குள் முட்டையிடும் குளவியையும் வாசனை விட்டுக் கூப்பிட்டது. 1997-இல் வெளியான அந்த முடிவு பூச்சியியலாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த முறையையே வறட்சிக்கு ஏற்றபடி மாற்றி நட்ட வயல்களில், தனியாக விளைந்த மக்காச்சோளத்தைவிடப் படைப்புழு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2018-இல் சொன்னார்கள். அதே 2018-இல்தான் அந்தப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து நம் மக்காச்சோளத்தை மொட்டையடித்தது.

தீவனத்துக்காகக் கம்பு நேப்பியரை நம் ஊரில் மாடு வைத்திருக்கும் பலரும் ஏற்கெனவே வளர்க்கிறார்கள். படைப்புழுவுக்கு வரப்புப் பயிராகத் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். டெஸ்மோடியம் கென்யாவில் செய்யும் வேலையைப் பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலத்தில் எந்தச் செடி செய்யும் என்பதை வயலில் வைத்து, இரண்டு மூன்று பருவம் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டிலில் வரும் அடுத்த எண்ணெய்க்குச் செலவழிக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.